யாம் எறிந்த குப்பை

எமது கல்லூரி அன்னையின் விழாவினையொட்டி வெளிவரும் இம்மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியனாகிய எம்மிடமிருந்து சங்கச் சான்றோர் பற்றியோ ஈழத்துப் புலவர் பரம்பரை பற்றியோ ஏதேனும் கிடைக்குமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அத்துறைகளில் எம்மினும் வல்லார் பலர் இக்கல்லூரியின் பழைய மாணவருள் உளர். அவர்தம் கட்டுரைகள் இம்மலரை அணிசெய்யும் என்பதில் ஐயமில்லை. யாம் எழுத எடுத்துக்கொண்ட பொருளோ குப்பை. முகஞ் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருளல் வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக எம் உள்ளத்தை உறுத்திவரும் செய்தியொன்றை, எம்மை வளர்த்த இல்லத்தின் ஏட்டிற் சொல்லாது வேறெங்குச் சொல்வது?

குப்பை என்னுஞ் சொல் இழிபொருளிற் பிறந்ததன்று. பழந்தமிழில் அது குவியலைக் குறித்து நின்றது. நெற்குவியலைக் குப்பையென்று பாடினர் பண்டைப் புலவர். எம் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தோட்டத்துக்குக் குப்பை தாழ்ப்பதைப் பற்றிப் பேசும்போது எருவையே கருதுகின்றனர். அவர்க்குக் குப்பை என்பது வண்டியிற் கொள்ளும் விலைப்பொருள். ஒரே சொல் தோட்டத்திற் செல்வமாகவும் நகரத்திற் பழியாகவும் வழங்குவதை வகுப்பிற் சொற்பொருள் மாற்றத்திற்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை கூறியுள்ளோம். கூறிவிட்டு வீடு சென்று எல்லாவற்றையும் ஒரே பையிற் கட்டி வீதியோரம் வைத்தோம் என்பதையும் ஈண்டு மறைத்தற்கில்லை.

யாம் இக்கல்லூரியிற் பயின்ற காலம் போர்க்காலம். 1990 ஆம் ஆண்டு ஆனித் திங்களிற் போர் மீண்டும் மூண்டபோது யாம் ஆறாம் வகுப்பிற்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. அக்காலத்து மாணவர் யாவரும் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே படித்தவர்களே. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதன்மேல் அளவறிந்து வார்த்த மண்ணெண்ணெய், ஒரு திரி, அவ்வளவே. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்னாற் செய்தி கேட்டோம். கொப்பிகளிற் பென்சிலால் எழுதி, அதன்மேற் பேனாவால் எழுதி, அக்கொப்பியைப் பின்னர் கடைக்காரருக்கு விற்றோம். அவர் அதனைச் சுருளாக்கிச் சீனியும் பருப்பும் சுற்றித் தந்தார். எம் கணக்குக் கொப்பியின் ஒரு தாள் நான்கு நாள் கழித்து மிளகாய்த்தூளுடன் எம் வீட்டிற்கே திரும்பி வந்த வேடிக்கையும் உண்டு. தவறான விடையுடன் வந்தமையால் தந்தையாரிடம் ஏச்சும் கிடைத்தது.

எங்கிருந்தோ ஒரு பொலித்தீன் பை வீட்டிற்கு வந்தால் எம் தாயார் அதனைக் கழுவி, கொடியில் உடுப்புகளோடு உலர்த்தி, மடித்து அலுமாரியில் வைப்பார். கல்லூரி விடுதியின் சமையற்கட்டின் பின்னே புளியமரத்தடியில் ஆழமான கிடங்கொன்று இருந்தது. காய்கறித் தோலும் சோற்று மிச்சமும் முற்றங்கூட்டிய சருகும் மாறிமாறி அதில் இடப்படும். ஆண்டிற்கு ஒருமுறை அதனை வெட்டியெடுத்துத் தென்னைக்கும் வாழைக்கும் இடுவர். கிடங்கிற்கு அண்மையிலே நின்று உணவுண்டும் நாற்றம் உணர்ந்ததில்லை. ஈரமான ஒரு படைக்கு மேல் உலர்ந்த ஒரு படை இடுதலே அதன் மருமம் என்பதை முப்பது ஆண்டு கழிந்தபின்னரே யாம் நூலிற் படித்து அறிந்தோம். சமையற்காரருக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பெருமை கொள்வது எளிது. ஆயினும் அது நேர்மையாகாது. நாம் எதனையும் எறியாதிருந்தது எறிவதற்கு எதுவும் இல்லாமையால். 2002 ஆம் ஆண்டு ஏ 9 நெடுஞ்சாலை திறந்தபோது அது தெளிவாயிற்று. பாரவூர்திகள் வரத்தொடங்கிய சில மாதங்களுக்குள் வேலியோரமெல்லாம் பொலித்தீன் பைகள் பூத்துக் கிடந்தன. ஓலைப்பெட்டியும் உமலும் கடகமும் சந்தையில் ஒதுங்கின. தாயார் பை கழுவுவதை நிறுத்தினார். அதற்காக அவரைக் குறைகூற எவர்க்கு மனம் வரும்? பன்னிரண்டு ஆண்டு தட்டுப்பாட்டின் பின் ஒரு பொருளைக் கவலையின்றி எறிந்துவிடுதல் அன்று ஒருவகை விடுதலையாகவே தோன்றியது.

அதன்பின் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, பயிற்றப்பட்ட ஆசிரியராகச் சில ஊர்களிற் பணிபுரிந்து, இறுதியில் வடபுலத்து நகரொன்றின் பாடசாலைக்கு வந்து சேர்ந்தோம். நகரின் பெயரைச் சொல்லாது விடுகின்றோம். பின்னர் சிலவிடத்துக் குறைகூற நேர்வதால் அதுவே முறை.

2018 ஆம் ஆண்டின் முதலாந் தவணையில் ஒருநாள். பத்தாம் வகுப்பிலே மாணவன் ஒருவன் மூன்றாம் முறையாகவும் கட்டுரை எழுதாது வந்திருந்தான். சினமுற்ற யாம், ஆசிரியர் பலர் நாவில் ஆயத்தமாகவே இருக்கும் அவ்வாசகத்தைச் சொன்னோம்: "படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய்." வகுப்பு நகைத்தது. நகையாதவன் ஒருவன் இருந்தான். மூன்றாம் வாங்கின் ஓரத்திலிருந்த அவன் தலைகுனிந்து தன் கொப்பியின் ஓரத்தை நகத்தாற் கீறிக்கொண்டிருந்தான். நல்ல மாணவன்; கட்டுரை எழுதாது வந்தவனல்லன். அன்று மாலை ஏதோ ஐயத்தால் வரவுப் பதிவேட்டின் முற்பக்கங்களைப் புரட்டினோம். தந்தையின் தொழில் என்ற நிரலில் அவன் பெயருக்கு எதிரே 'சுத்திகரிப்புத் தொழிலாளி' என எம் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

நகர்சுத்தியைச் சில குடும்பத்தார்க்கே உரியதென ஒதுக்கி, அவர்களையும் அதனோடு ஒதுக்கிவைத்த பழி எம் சமூகத்திற்கு உண்டு. மேடையிலே அதனைக் கண்டித்துப் பேசியவர்களுள் யாமும் ஒருவர். ஆயினும் வகுப்பிலே வாய் தவறியபோது வந்தது மேடைப்பேச்சன்று. உள்ளே கிடந்ததே வந்தது.

அவனிடம் ஏதேனும் சொல்லவேண்டும் என்று பலநாள் எண்ணினோம். சொல்லவில்லை. ஆசிரியர் மாணவனிடம் பிழை பொறுக்குமாறு கேட்கும் வழக்கம் எம் பாடசாலைகளில் இல்லை. யாமும் அதனைத் தொடக்கி வைக்கும் துணிவு பெற்றிலோம்.

ஆனி மாதத்தில் அவனுடைய தந்தையார் ஏதோ படிவத்திற் கையொப்பமிடப் பாடசாலைக்கு வந்தார். வலக்கை மணிக்கட்டுவரை கட்டுப் போட்டிருந்தது. இடக்கையாற் பேனாவைப் பிடிக்க முயன்று தடுமாறினார். கையில் என்னவென்று வினவினோம். பையொன்றைத் தூக்கும்போது உள்ளிருந்த கண்ணாடி வெட்டியதாகவும், ஏழு தையல் போட்டதாகவும், ஒரு விரல் இன்னும் மடங்கவில்லை என்றும் கூறினார். எங்கே என்று கேட்டோம். ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். அது யாம் வாழும் ஒழுங்கை. கிழமையைச் சொன்னார். அதற்கு முதல்நாள் எம் இல்லத்திற் கண்ணாடிக் கூசாவொன்று உடைந்ததும், துண்டுகளைக் கூட்டியள்ளிப் பொலித்தீன் பையொன்றினுள் இட்டு, வேறு கடதாசிகளை அதன்மேற் போட்டு முடிந்து வைத்ததும் எம் நினைவிற்கு வந்தன. முடிந்தது எம் கையே.

"அதெல்லாம் நெடுக நடக்கிறதுதான், சேர்" என்றார் அவர். யாம் ஒன்றும் சொல்லாது படிவத்தை வாங்கிக்கொண்டோம்.

ஒரு மாதம் கழிந்தது. நித்திரை கெட்டதென்று எழுதினால் மிகையாகும், நித்திரை வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை குப்பை கட்டும்போதும் கை நின்றது. ஆடி அமாவாசைக்கு மறுநாட் காலை, உழவு இயந்திரம் எம் ஒழுங்கைக்கு வந்தபோது படலையிற் காத்திருந்து அவரிடம் சொல்லிவிட்டோம். அந்தப் பை எம்முடையது என்றோம். அவர் சொன்ன மறுமொழியை அவர் மொழிந்தவாறே தருகின்றோம்.

"தெரியும், சேர். பையிலை பிள்ளையளின்ரை சோதினைப் பேப்பர் கிடந்தது. என்ரை மகன்ரையும் கிடந்தது. எண்பத்திரண்டு போட்டிருந்தீங்கள். அதை மட்டும் எடுத்து வைச்சிருக்கிறன்."

மாதாந்தச் சோதனைத் தாள்களைப் புள்ளி பதிந்தபின் யாம் எறிந்துவிடுவது வழக்கம். குருதி வழியும் கையோடு அவர் அத்தாளை எடுத்திருக்கின்றார். எம்மிடம் படிவத்திற் கையொப்பமிட வந்தபோது அனைத்தையும் அறிந்தே இருந்திருக்கின்றார்.

யாம் வகுப்பிற் சொன்ன வாசகத்தையும் மகன் வீட்டிற் சொல்லியிருப்பானோ என்று கேட்க எமக்கு நா எழவில்லை. உழவு இயந்திரம் அடுத்த படலைக்கு நகர்ந்தது.

இந்நிகழ்ச்சியின் பின்னரே குப்பையைப் பற்றி நகரத்தார்க்குச் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் எமக்கு உண்டாயிற்று. தொடக்கத்தில் யாம் செய்தது ஆசிரியர் செய்யும் வழக்கமான பிழை. பதினான்கு மாணவரைச் சேர்த்துக் குழுவொன்று அமைத்தோம். 'சுற்றாடல் தூய்மையும் குடிமக்கள் கடமையும்' என்ற தலைப்பில் நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதினோம். எதுகையும் மோனையும் குறையாத பிரசுரம். எம் ஒழுங்கையிலும் அடுத்த இரண்டு ஒழுங்கைகளிலுமாக நாற்பத்தொரு வீடுகளுக்கு அதனைக் கொடுத்தோம். அடுத்த வாரம் அப்பிரசுரங்களுட் பலவற்றை அதே குப்பைப் பைகளிற் கண்டோம். சில, கண்ணாடித் துண்டுகளைச் சுற்றியிருந்தன. அம்மட்டில் அவை பயன்பட்டன என்று ஆறுதல் கொள்ளலாம்.

இரண்டாம் ஒழுங்கையின் முடிவிலே எண்பது வயது கடந்த ஆச்சி ஒருவர் தனியே வாழ்ந்தார். யாம் படலையில் நின்று மட்குங் குப்பை, மட்காக் குப்பை என்று விரித்துரைக்கத் தொடங்கியதும், "தம்பி, எனக்குக் குப்பை படிப்பிக்க வந்தனீங்களோ? உள்ளுக்கு வந்து பாருங்கோ" என்று கோடிப்புறத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே இரண்டு கிடங்குகள். ஒன்று நிறைந்து மண்மூடிக் கிடந்தது. மற்றையது பாதி நிறைந்திருந்தது. ஒன்றை நிரப்பும் காலத்தில் மற்றது உக்கிவிடும் என்றார். உக்கியதைக் கிளறிக் காட்டினார். கறுத்து, பொலபொலவென்று, முதல் மழைக்கு மண் மணப்பதுபோல மணந்தது. யாம் நான்கு பக்கத்தில் எழுதியிருந்ததை அவர் நான்கு நிமிடத்திற் காட்டிவிட்டார். மாணவர் முன்னிலையில் எமக்கு வெட்கமே மேலிட்டது, மாணவர்க்கோ பெருமகிழ்ச்சி.

அதன்பின் வழியை மாற்றினோம். பிரசுரத்தைக் கைவிட்டோம். முதலில் ஒன்றே ஒன்றைக் கேட்பதென முடிவுசெய்தோம். கண்ணாடி, சவர அலகு, ஊசி, உடைந்த மின்குமிழ் ஆகியவற்றைக் கடதாசிப் பெட்டியொன்றில் இட்டு, அதன்மேற் சிவப்புத் துணித்துண்டொன்று கட்டித் தனியே வையுங்கள், வேறெதுவும் வேண்டாம். காரணம் வினவியோர்க்குச் சுற்றாடல் பற்றிக் கூறவில்லை. ஏழு தையல் போட்ட கையைப் பற்றிக் கூறினோம். அக்கண்ணாடி எவருடையது என்பதையும் கூறினோம். முதல் வீட்டிற் கூறும்போது நாக் குழறியது. பத்தாம் வீட்டிற் பழகிவிட்டது. மாணவர் பதினால்வரும் பக்கத்தில் நின்று கேட்டனர். தலைகுனிந்திருந்த அம்மாணவனும் அவர்களுள் ஒருவன். தானாகவே வந்து சேர்ந்தவன். எம்மிடம் அதுபற்றி அன்றும் பின்னரும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் மூன்றாம் ஒழுங்கையில் ஒரு வீட்டார், "அவங்களுக்குச் சம்பளம் குடுக்கிறதுதானே" என்றபோது, யாம் வாய்திறக்குமுன் அவன், "கைக்குக் குடுக்கிறேல்லை, அம்மா" என்றான். அவ்வீட்டில் அடுத்த வாரம் சிவப்புத்துணி கட்டிய பெட்டி இருந்தது.

நாற்பத்தொரு வீடுகளில் இருபத்தாறு வீட்டார் இரண்டு மாதத்துள் அவ்வழக்கத்திற்கு வந்தனர். அதன்பின்னரே உணவுக்கழிவைத் தனியே வைக்குமாறு கேட்டோம். இங்கேதான் இடர் வந்தது. மக்கள் இருவேறு பாத்திரங்களிற் பிரித்து வைத்தனர்; வந்த இயந்திரத்திற்கோ ஒரே பெட்டி. பிரித்தவை அனைத்தும் அவர்கள் கண்முன்னே ஒன்றாகக் கொட்டப்பட்டன. "இதுக்கோ மாஸ்ரர் எங்களை மினக்கெடுத்தினீங்கள்?" என்று கேட்ட அயலவர்க்கு எம்மிடம் மறுமொழி இல்லை. குப்பைக் கல்வியின் பெரும்பகுதி தோற்பது இவ்விடத்திலேயே என்பது எம் துணிபு. குடிமக்கள் அறியாமையே குறையென்று அலுவலகங்கள் சொல்லும். அறிந்து செய்தவன் தன் உழைப்பு வீணாவதை ஒருமுறை கண்டால் மறுமுறை செய்யான். வாகனமும் நாளும் வகுக்காது அறிவுரை மட்டும் வழங்குவது, நூலும் வாங்கும் இன்றி மாணவனைப் படியென்று ஏவுவதை ஒக்கும்.

உரிய அலுவலகத்திற்கு ஐந்து முறை சென்றோம். மூன்று முறை அலுவலர் இல்லை. நான்காம் முறை கடிதம் கேட்டார். ஐந்தாம் முறை, கிழமையில் இரண்டு நாள் ஈரக்கழிவும் ஒரு நாள் ஏனையவும் எடுப்பதெனவும், அதுவும் எம் மூன்று ஒழுங்கைகளில் மட்டும் பரீட்சார்த்தமாக எனவும் இசைந்தார். இயந்திரம் ஒன்றேயாயினும் நாள் வேறாயின் கலப்பதற்கு இடமில்லை அன்றோ? இந்த எளிய வழியை எமக்குச் சொன்னவர் அலுவலரல்லர். கையில் வெட்டுண்ட அத்தொழிலாளியே.

பிரிப்பதால் ஆவதென்ன என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். எம் நாட்டு வீடுகளின் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது உணவும் இலையும் தழையுமே. அது காற்றுப்பட உக்கினால் எருவாகும். காற்றுப்படாது மலையாகக் குவித்தால் உள்ளே மெதேன் வாயு பிறக்கும், தீப்பற்றும், கறுத்த கசிநீர் அடியில் ஊறும். யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இது வேறெவரினும் கூடிய அச்சம் தருதல் வேண்டும். எமக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. உள்ளது சுண்ணாம்புக்கல்லும் அதன் வெடிப்புகளிலும் குழிகளிலும் தேங்கிய மழைநீருமே. மேலே ஊற்றுவது கீழே இறங்கும்; இறங்கியது அயலான் துலாவில் ஏறும். குப்பையை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டோம் என்று மகிழ்வோர், நிலத்தடி நீருக்கு ஊரெல்லை தெரியாதென்பதை எண்ணுவதில்லை.

தலைநகரின் கதையும் யாவரும் அறிந்ததே. கொழும்பின் குப்பை பல்லாண்டு புளுமெண்டாலிற் குவிந்தது; பின்னர் மீத்தொட்டமுல்லையிற் குவிந்தது. அங்கு அது ஏறத்தாழ 300 அடி உயர்ந்து நின்றது. மலையின் அடிவாரத்தில் ஏழைகளின் வீடுகள். அவர்கள் பல ஆண்டு முறையிட்டனர். 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், சிங்களவரும் தமிழரும் புத்தாண்டு கொண்டாடிய அன்று பிற்பகலில், அம்மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். அவர்களை மூடியது அவர்களுடைய குப்பையன்று. கோடீஸ்வரர் மாளிகையினதும் கடைத்தெருவினதும் விருந்து மண்டபங்களினதும் வாழையிலையும் சோற்றுப் பொதியும் அங்கே கிடந்தன. அவ்வாண்டிலேயே டெங்குக் காய்ச்சல் இலங்கை வரலாறு காணாத அளவிற்குப் பரவி, 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றனர். எறிந்த யோகட் கோப்பையில் தேங்கும் ஒரு கரண்டி மழைநீர் நுளம்பிற்குப் போதும்.

அரசு வாளாவிருக்கவில்லை. 2017 செப்ரெம்பர் முதலாந் திகதி தொடக்கம் உணவு சுற்றும் பொலித்தீன் தாளையும் றிஜிபோம் பெட்டியையும் தடைசெய்தது. 2021 இல் கெரவலப்பிட்டியிற் குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் பெறும் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆயினும் நீரூறிய சோறும் கறியும் எளிதில் எரியுமோ? அதற்கும் வீட்டுப் படலையிற் பிரித்தலே வேண்டும். உணவுத்தாளைப் பொறுத்தவரை, சட்டம் வந்தபின்னும் கோயில் அன்னதானத்தில் அதனையே கண்டு வருந்தினோம். பட்டையிலும் தாமரையிலையிலும் தண்ணீர்ப்பந்தற் செம்பிலும் அறஞ்செய்த எம் சைவ மக்கள், பிளாஸ்ரிக் குவளையை வீதியெங்கும் இறைத்து வழங்கும் தாகசாந்தியை அறமென்று எண்ணுகின்றனர். மறுநாட் காலை அவற்றைப் பொறுக்குவோருக்குப் பிரசாதம் எவரும் கொடுத்ததாக யாம் கண்டதில்லை.

எம் மூன்று ஒழுங்கைகளின் கதை வெற்றிக்கதை என்று கொள்ளற்க. 2020 இற் பெருந்தொற்று வந்தது, நாள்முறை குலைந்தது, மீண்டும் எல்லாம் ஒரே பெட்டிக்குள் சென்றன. பதினைந்து வீட்டார் அத்துடன் விட்டுவிட்டனர். யாமும் ஓராண்டு சோர்ந்திருந்தோம். எம்மை எழுப்பியது எம் முயற்சியன்று, நாட்டின் இடுக்கணே. 2021 சித்திரையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கூட்டெருவைத் தேடி மக்கள் அலைந்தனர். ஆச்சியின் கிடங்கைத் தேடி ஊரார் கடகத்துடன் வந்தனர். அவர் விலை கூறவில்லை. "கிடங்கு ஒண்டு வெட்டிப்போட்டு வாருங்கோ, அப்பத்தான் தருவன்" என்றார். அவ்வாறு எட்டு வீடுகளிற் கிடங்கு வெட்டுவித்த கெட்டித்தனம் எந்தப் பயிற்சிக் கலாசாலையும் கற்பிக்காதது. 2022 இல் எரிபொருள் இன்றி உழவு இயந்திரங்கள் வாரக்கணக்கில் நின்றபோது நகரெங்கும் பைகள் நாறிக் கிடந்தன. கிடங்கு வெட்டிய வீடுகளின் படலையில் ஒன்றுமில்லை. அதனைக் கண்டு மேலும் பலர் வெட்டினர். இப்போது நாற்பத்தொன்றில் இருபத்துமூன்று வளவுகளிற் கிடங்கு உண்டு. வளவில்லா வீட்டார் சிலர் துளையிட்ட பீப்பாயிற் செய்கின்றனர். எஞ்சியோர் பழையபடியே. அவர்களுள் ஒருவர் எம்முடன் பணிபுரியும் விஞ்ஞான ஆசிரியர் என்பதை அவர் இக்கட்டுரையைப் படிக்கமாட்டார் என்னும் துணிவில் எழுதுகின்றோம்.

ஆச்சி 2023 மார்கழியில் இறைவனடி சேர்ந்தார். அம்மாணவன் உயர்தரம் முடித்துக் குடாநாட்டிற்கு வெளியே தொழில்நுட்பக் கல்வி பயில்கின்றான். தந்தையாரின் விரல் இன்னும் முழுதும் மடங்குவதில்லை. ஓய்வுபெற அவருக்குச் சில ஆண்டுகள் உள. காலையில் எம் படலையில் இயந்திரம் நிற்கும்போது சுகம் விசாரித்துக்கொள்வோம். சோதனைத் தாள்களை இப்போது மாணவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றோம். வகுப்பிற் சொன்ன அவ்வாசகத்திற்காக அவனிடம் யாம் பேசவேண்டியதை இன்றுவரை பேசவில்லை. அவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எண்ணுகின்றோம். இம்மலரின் பிரதியொன்றை அவனுக்கு அனுப்பிவைப்பதாகத் தீர்மானித்துள்ளோம்.

விழா நாளன்று கல்லூரியில் மதிய உணவு வாழையிலையிலேயே பரிமாறப்படும் என்று விழாக்குழுச் செயலாளர் அறிவித்திருக்கின்றார். எழுநூறு இலைக்குக் குறையாது சேரும். அவற்றை எங்கே போடுவதென யாம் எழுதிக் கேட்டதற்கு, பழைய விடுதிச் சமையற்கட்டு இடிக்கப்பட்டுவிட்டதாகவும் புளியமரம் மட்டும் நிற்பதாகவும் மறுமொழி வந்தது. முதல்நாள் மாலையே மண்வெட்டியுடன் வருகின்றோம் என்று எழுதியுள்ளோம். எம் வகுப்புத் தோழர்கள் இருவர் உடன்வர இசைந்துள்ளனர். கிடங்கு இருந்த இடம் மரத்திற்கு மேற்கே என்று ஒருவரும் தெற்கே என்று மற்றவரும் வாதிடுகின்றனர்.